ராத்திரி குளிரணும், அப்பத்தான் கிழங்கு

க்ளினிக்கில் வாரத்துக்கு நாலு பேராவது கேட்கும் கேள்வி இது. "டாக்டர், சுகர் இருக்கு. உருளைக்கிழங்கை அடியோட விட்டுடணுமா?"

சுருக்கமான பதில்: எண்ணெயில் பொரிக்காமல், அளவோடு, அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்துக்கொண்டு சாப்பிடலாம். தட்டு நிறைய சோறு, தொட்டுக்க உருளை வறுவல்னா அது மாவுச்சத்துக்கு மாவுச்சத்தே கூட்டு. அவ்வளவுதான் விசயம்.

ஆனா இன்னைக்கு நான் எழுத வந்தது அது இல்லை. நாம உருளைக்கிழங்கைப் பார்த்துப் பயப்படுகிற மாதிரி, உருளைக்கிழங்கும் ஒன்றைப் பார்த்துப் பயப்படுகிறது. வெதுவெதுப்பான ராத்திரி. அந்தப் பயத்தைச் சமாளிக்க மனுசன் பட்ட பாடு ஒரு பெரிய சரித்திரம். அதில் நடுவில் ஒரு டாக்டரும் வருகிறார். இழை கொஞ்சம் நீளம், டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் கொஞ்சம் உடலியல். உருளைக்கிழங்கு வேர் கிடையாது, தண்டு. அதனால்தான் அதில் "கண்" இருக்கிறது, கண்ணிலிருந்து முளை வருகிறது. பகலில் இலை வெயிலை வைத்துச் சர்க்கரை செய்கிறது. கூடவே மண்ணுக்குள் ஓடும் மெல்லிய தண்டுகளுக்கு "இனிமேல் நீளாதே, பருத்துக்கொள்" என்று ஒரு சமிக்ஞையும் அனுப்புகிறது. நம்ம உடம்பில் ஹார்மோன் ஓரிடத்தில் சுரந்து இன்னோரிடத்தில் வேலை செய்கிற மாதிரி. எஸ்பி6ஏ என்கிற புரதம்தான் அந்தத் தூதுவன் என்று 2011ல் கண்டுபிடித்தார்கள்.

சூடு கூடினால் இந்தத் தூதுவன் குறைந்துபோகிறான். ராத்திரியும் வெக்கையாக இருந்தால் இன்னொரு நஷ்டம். பகலில் செய்த சர்க்கரையைச் செடி மூச்சு விட்டே எரித்துத் தீர்த்துவிடும், கிழங்குக்கு அனுப்ப மிச்சம் இருக்காது. இரவு வெப்பம் 20 டிகிரியைத் தாண்டினால் சாதாரண ரகங்களில் கிழங்கு கட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். மேலே பார்த்தால் செடி தளதளன்னு நிற்கும், தோண்டிப் பார்த்தால் கோலிக்குண்டு சைஸ்ல நாலு.

சென்னையில் தை மாசத்துக் குளிரில்கூட ராத்திரி 20, 21 டிகிரிதான். மெட்ராஸ்காரர்கள் ஏன் உருளை பயிரிடுவதில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

சரி, இப்படிக் குளிர் கேட்கிற பயிர் எங்கே பிறந்தது? தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலையில். பெரு, பொலிவியா எல்லையில் இருக்கிற டிட்டிகாகா ஏரியைச் சுற்றிய உயர்ந்த மேட்டுநிலம். கடல் மட்டத்திலிருந்து 3,800 மீட்டர். நம்ம தொட்டபெட்டாவே 2,637தான், ஒப்பிட்டுப் பாருங்கள். ஏழாயிரம் வருசத்துக்கு மேலாக அங்கே பயிரிடுகிறார்கள். ராத்திரி உறைபனியில் கிழங்கைப் பரப்பி, பகலில் காலால் மிதித்து நீரைப் பிழிந்து, வெயிலில் காய வைத்து "சுன்யோ" என்று வற்றல் செய்வார்கள். வருசக்கணக்கில் கெடாது. நாம் மாங்காயை வற்றல் போடுகிற மாதிரி அவர்களுக்குக் கிழங்கு. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நாட்டு ரகங்கள் அங்கே உண்டு. ஒரே விவசாயி வயலில் கறுப்பு, ஊதா, சிவப்பு, மஞ்சள் என்று பல ரகம் கலந்து கிடக்கும். ஒன்று பனியில் போனால் இன்னொன்று நிற்கும்.

ஸ்பானியர்கள் 16ம் நூற்றாண்டில் இதைக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். குளிர் நாடுதானே, நல்லா வரும் என்று நினைப்போம். வரலை. ஆண்டிஸ் பூமத்திய ரேகைக்குப் பக்கம். அங்கே வருசம் பூரா பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். அந்தச் செடி பகல் நீளத்தைப் பார்த்துத்தான் கிழங்கு கட்டும். ஐரோப்பாவின் கோடையில் பகல் 16 மணி நேரம். "இன்னும் நேரம் வரலை" என்று செடி சும்மா வளர்ந்துகொண்டே இருக்கும். பகல் குறுகி அது கிழங்கு வைக்க ஆரம்பிக்கும்போது பனிக்காலம் வந்து செடியைக் கொன்றுவிடும்.

நீண்ட பகலிலும் கிழங்கு கட்டுகிற செடிகளைத் தேடித்தேடி விதைக்கு எடுத்து வைத்ததும், பிறகு தெற்கு சிலியின் சிலோயே தீவுப் பக்கத்து ரகங்கள் கலந்ததும்தான் நிலைமையை மாற்றின. பகல் நீளத்தைக் கணக்கு வைக்கும் அந்த மரபணுவை 2013ல்தான் அடையாளம் கண்டார்கள். பெயர் தெரியாமலேயே விவசாயிகள் அதை 200 வருசம் முன்னாடி மாற்றி முடித்துவிட்டார்கள்!

தட்பவெப்பத்துக்கு ஏற்ப ரகத்தை மாற்றுவது என்றால் இதுதான் முதல் ரவுண்டு. வெற்றி. ஆனா அந்த வெற்றியில் ஒரு ஓட்டை இருந்தது.

உருளையை நாம் விதையிலிருந்து வளர்ப்பதில்லை. கிழங்கையே கண் கண்ணாக வெட்டி நடுகிறோம். அப்படி நட்டால் பிறப்பது குழந்தை இல்லை, அதே ஆளின் நகல். ஊர் முழுக்க ஒரே ரகம் என்றால் ஊர் முழுக்க ஒரே ஆள் நிற்கிறார் என்று அர்த்தம். அந்த ஒரு ஆளுக்கு எதிர்ப்புச் சக்தி இல்லாத கிருமி வந்தால்?

1845ல் அயர்லாந்துக்கு வந்தது. இலைக்கருகல் நோய். அங்கே ஏழைகள் நட்டது பெரும்பாலும் "லம்ப்பர்" என்கிற ஒரே ரகம். மோசமான மண்ணிலும் நிறைய காய்க்கும் என்பதால். குளிர்ச்சியும் ஈரமும் சேர்ந்த வானிலையில் இந்தக் கிருமி சில நாட்களில் வயலையே கறுப்பாக்கிவிடும், மண்ணுக்குள் கிழங்கும் அழுகிவிடும். பார்க்கப் பூஞ்சை மாதிரி இருந்தாலும் இது பூஞ்சை இல்லை, பாசிகளுக்கு உறவான வேறு இனம். ஆண்டன் டி பாரி என்ற ஜெர்மானியர் ஆராய்ந்து ஃபைட்டோஃப்தோரா என்று பேர் வைத்தார். கிரேக்கத்தில் "செடியை அழிப்பது" என்று பொருள்.

சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னும் 10 லட்சத்துக்கு மேல் கப்பல் ஏறினார்கள். 1841 கணக்கெடுப்பில் 80 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1851ல் 65 லட்சம். கிருமி மட்டுமே இதற்குக் காரணம் இல்லை. அந்த வருசங்களிலும் அயர்லாந்திலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டுதான் இருந்தன.

டாக்டராக இதில் நான் கவனிப்பது வேறு. செத்தவர்களில் பெரும்பாலானோர் நேரடியாகப் பட்டினியால் சாகவில்லை. டைஃபஸ், மீள்காய்ச்சல், ரத்தபேதி. ரெண்டு காய்ச்சலும் பேனால் பரவுபவை. பசித்தவர்கள் கூட்டம் கூட்டமாக நிவாரணக் கூடங்களில் நெருக்கியடித்துப் படுத்தால் பேனுக்குக் கொண்டாட்டம். சிகிச்சை பார்க்கப் போன மருத்துவர்களும் செத்தார்கள். கூடவே ஸ்கர்வியும் வந்தது. ஈறில் ரத்தம், காலில் வீக்கம். உருளைக்கிழங்கு தந்துகொண்டிருந்த வைட்டமின் சி போய், அதற்குப் பதில் கொடுத்த மக்காச்சோள மாவில் அது அறவே இல்லை. சாதாரணக் கிழங்கு என்று நாம் நினைப்பது அந்த ஏழைக்கு எலுமிச்சம்பழமாகவும் இருந்திருக்கிறது!

இப்பத்தான் நான் சொன்ன அந்த டாக்டர் வருகிறார்.

ரெட்கிளிஃப் சலமன். 20ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் லண்டன் ஹாஸ்பிட்டலில் நோயியல் துறை இயக்குநர். வயது முப்பதுகூட ஆகவில்லை. 1903ல் அவருக்கு நுரையீரல் டிபி. அப்போ ஸ்ட்ரெப்டோமைசின் கிடையாது, அது வர இன்னும் 40 வருசம். ஓய்வு, நல்ல காத்து, அதுதான் வைத்தியம். வேலையை விட்டுவிட்டு பார்லி என்ற கிராமத்தில் போய் உட்கார்ந்தார். உடம்பு தேறியது, ஆனா மருத்துவத்துக்குத் திரும்பவில்லை.

அந்த நேரத்தில் மெண்டலின் மரபியல் புதுசாக வெளிச்சத்துக்கு வந்திருந்தது. இவருக்கும் ஆசை. பட்டாம்பூச்சி, எலி என்று எதை எதையோ வளர்த்துப் பார்த்தார், சரிப்படவில்லை. கடைசியில் வீட்டுத் தோட்டக்காரரிடம் யோசனை கேட்டிருக்கிறார். அவர் கைகாட்டியது உருளைக்கிழங்கு. 1906ல் ஆரம்பித்தது, சாகிறவரை விடவில்லை.

லண்டன் கியூ தோட்டத்திலிருந்து ஒரு காட்டு உருளை வாங்கி வந்தார். கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று, பேர் மாறிப்போயிருந்தது. சில வருசத்தில் அவர் தோட்டத்தில் இலைக்கருகல் வந்து எல்லாம் கருகியபோது அந்தக் காட்டு வகையின் நாற்றுகளில் சில மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றன. எதிர்ப்புச் சக்தி! அது மெக்சிகோ மலைகளின் சொலானம் டெமிசம் என்ற காட்டு இனத்தின் வழி வந்தது. கிழங்கு சின்னது, சாப்பிட லாயக்கில்லை. ஆனா நோய்க்கு மசியவில்லை. அதை நல்ல ரகங்களோடு திரும்பத்திரும்பக் கலந்து, எதிர்ப்பை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கிற வேலை அங்கே தொடங்கியது.

சொல்வது சுலபம். மனுசனுக்கு ஒவ்வொரு குரோமோசோமும் ரெண்டு பிரதி. பயிர் உருளைக்கு நாலு. ஒருமுறை கலந்தால் சீட்டுக்கட்டை நாலு மடங்கு கலைத்துப் போட்ட மாதிரி. ஆயிரக்கணக்கான நாற்று வளர்த்து, சுவை, சைஸ், நோய், விளைச்சல் எல்லாம் பார்த்து ஒன்றைப் பிடிக்கப் பத்து, பன்னிரண்டு வருசம் ஆகும். காட்டு இனத்தின் விசமும் கூடவே வரலாம். அமெரிக்காவில் 1967ல் "லெனாப்பே" என்று ஒரு ரகம் வெளியிட்டார்கள். சிப்ஸுக்கு அருமையான கிழங்கு. சாப்பிட்டவர்களுக்குக் குமட்டல். சோதித்தால் சொலனின் வகை நச்சு அளவுக்கு மேல். 1970ல் திரும்பப் பெற்றார்கள். பச்சை படர்ந்த உருளையைத் தூக்கிப் போடச் சொல்கிறேனே, அதே நச்சுதான்.

சலமன் கண்டுபிடித்த எதிர்ப்பும் நிலைக்கவில்லை. கிருமி மாறியது, புது வகைகள் வந்து அந்த மரபணுவைத் தாண்டின. ஆன்டிபயாடிக்கில் நாங்கள் தினமும் பார்க்கிற அதே கதை. ஆனா அவர் செய்த இன்னொரு வேலை இருக்கிறது. 1926ல் கேம்பிரிட்ஜில் உருளைக்கிழங்கு வைரஸ் ஆய்வுக்கென்றே ஒரு நிலையம் தொடங்கி, வைரஸ் இல்லாத சுத்தமான விதைக்கிழங்கு வளர்க்க வழி செய்தார். நகல் மேல் நகலாக நடும்போது வைரஸும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகும். நல்ல ரகம் பத்து வருசத்தில் "சீக்காளி" ஆவது அதனால்தான். இது இந்தியாவுக்கு எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

இந்தியாவுக்கு உருளையைக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். மராத்தியில் இன்றும் "பட்டாட்டா"தான். நம்ம நீலகிரிக்கு 1820களில் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கொண்டுவந்தார். ஊட்டியில் ராத்திரி குளிர், பகலும் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும், அதனால் ஒட்டிக்கொண்டது. கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று வருசத்துக்கு மூன்று பட்டம்.

பிரச்சினை கங்கைச் சமவெளியில். அங்கே குளிர்காலத்தில் மட்டும்தான் உருளை. பகல் பத்தரை மணி நேரம், கிடைப்பது 90, 100 நாள். ஐரோப்பிய ரகங்களோ நீண்ட கோடைப் பகலுக்குப் பழகியவை. கப்பலில் விதைக்கிழங்கு இறக்குமதி செய்து நட்டுப் பார்த்தார்கள், ரெண்டு மூன்று வருசத்தில் வைரஸ் பிடித்து வீணாகிவிடும். அயர்லாந்துக்கு ஆண்டிஸ் ரகம் பொருந்தாத கதையை அப்படியே திருப்பிப் போட்டது மாதிரி.

1949 ஆகஸ்டில் பாட்னாவில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. முதல் இயக்குநர் எஸ். ராமானுஜம். 1956ல் சிம்லாவுக்கு மாற்றினார்கள். சமவெளியின் குறும்பகலில் உருளை பூக்காது, பூ இல்லாமல் எப்படிக் கலப்பது? மலையின் கோடையில் பகல் நீளம், பூக்கும். சிம்லாவுக்குப் பக்கத்தில் குஃப்ரி என்ற ஊரில் கலப்பு வேலை நடந்தது. அதனால்தான் இந்திய ரகங்கள் எல்லாவற்றுக்கும் "குஃப்ரி" என்று இனிஷியல். குஃப்ரி கிசான், குஃப்ரி குபேர் 1958. குஃப்ரி சிந்தூரி 1967. குஃப்ரி ஜோதி, குஃப்ரி சந்திரமுகி 1968.

விதைக்கிழங்குக்கு புஷ்கர்நாத் என்ற விஞ்ஞானி சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுபோவது அசுவினிப் பூச்சி. சமவெளியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அது மிகக் குறைவு, ஜனவரியில் பெருகும். அப்படியானால் அக்டோபரில் நடு, அசுவினி பெருகும் முன்னே ஜனவரியில் செடியின் தலையை வெட்டிவிடு, கிழங்கு மண்ணுக்குள் முற்றட்டும். அவ்வளவுதான். மருந்து இல்லை, மெஷின் இல்லை, காலண்டர் மட்டும். கொசு பெருகும் முன்னே தண்ணீர்த் தொட்டியை மூடுகிற பொதுசுகாதார மூளை இது. அதுவரை விதைக்கு மலையை மட்டுமே நம்பியிருந்த சமவெளி, தன் விதையைத் தானே செய்துகொண்டது. 1949ல் நாட்டின் மொத்த விளைச்சல் 15 லட்சம் டன். இப்போ 5 கோடி டன்னுக்கு மேல், சீனாவுக்கு அடுத்து நாம்தான்.

நீலகிரிக்கு மட்டும் ஒரு சோதனை வந்தது. 1961ல் ஊட்டியில் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி வேரில் தங்க நிறக் குருணை மாதிரி ஒட்டியிருந்ததைக் கண்டார். முட்டைக்கூட்டு நூற்புழு. ஒவ்வொரு குருணையும் செத்துப்போன ஒரு தாய்ப்புழுவின் உடம்பு, உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டை. மண்ணில் வருசக்கணக்காக உயிரோடு கிடக்கும். வெளியூருக்குப் பரவக்கூடாது என்று நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்தது. ஊட்டி அருகே முத்தோரையில் உள்ள ஆராய்ச்சி நிலையம் பல வருசம் உழைத்து 1985ல் குஃப்ரி ஸ்வர்ணா வெளிவந்தது. அதன் ஒரு பக்கம் குஃப்ரி ஜோதி. மறுபக்கம் அர்ஜென்டினா மலைகளின் சொலானம் வெர்னீ என்ற காட்டு இனத்தின் வாரிசு. ஆக, படுகர் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கிழங்கைக் காக்க அர்ஜென்டினாவிலிருந்து காட்டு ரத்தம் வந்தது.

இப்போ மறுபடியும் அந்த ராத்திரிக்கு வருவோம்.

சமவெளியில் உருளைக்குக் கிடைப்பது குளிர்காலம் என்ற ஒரு ஜன்னல். அந்த ஜன்னல் ரெண்டு பக்கமும் சுருங்குகிறது. அக்டோபர் ராத்திரி குளிர லேட் ஆகிறது, பிப்ரவரி சீக்கிரம் சூடாகிறது. பகல் வெயிலை எல்லாரும் பார்க்கிறோம், டிவியில் சொல்கிறார்கள். குறைந்தபட்ச வெப்பநிலை ஒன்று ரெண்டு டிகிரி கூடினதை யாரும் கவனிப்பதில்லை. உருளைச்செடிக்கு அதுதான் கணக்கு. நடுவில் பருவம் தப்பி மழையும் மூடுபனியும் வந்தால் இலைக்கருகலும் கூட வரும்.

இதற்கான விடை 2006ல் வந்த குஃப்ரி சூர்யா. தக்காணப் பீடபூமியின் வெக்கைக்காக 1972ல் வெளியிட்ட குஃப்ரி லவ்கர் ஒரு பெற்றோர். பெரு நாட்டின் லிமாவில் 1971ல் தொடங்கிய சர்வதேச உருளைக்கிழங்கு மையத்திலிருந்து வந்த எல்டி-1 இன்னொன்று. இரவு வெப்பம் 20 டிகிரி வரை போனாலும் சூர்யா கிழங்கு கட்டும். சாதாரண ரகங்களுக்கு 16, 18 டிகிரி வேண்டும். ரெண்டு டிகிரிதானே என்று தோன்றும். அந்த ரெண்டு டிகிரியில்தான் செப்டம்பரிலேயே நட முடியுமா முடியாதா என்பது நிற்கிறது. அதே லிமா வழியில் பிறகு குஃப்ரி லிமாவும் வந்தது.

குறையும் சொல்லணும். சூர்யாவுக்கு வெக்கையைத் தாங்கத் தெரியும், இலைக்கருகலைத் தாங்கத் தெரியாது. எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரை கேட்கிற நோயாளியிடம் நான் சொல்வதைத்தான் இங்கேயும் சொல்லவேண்டியிருக்கிறது. இன்னொன்று, ரகம் வந்தது 2006ல் என்றாலும் பழைய ஜோதியும் 1998ல் வந்த புக்ராஜும்தான் இன்னும் ஏராளமான வயல்களில் நிற்கின்றன. விவசாயிக்கு விதை கையில் கிடைக்கணும், மண்டியில் விலை போகணும். பேப்பரில் இருக்கிற ரகத்தை நட முடியாது.

பிறந்த வீட்டில் என்ன நிலைமை? பெருவில் குஸ்கோவுக்குப் பக்கத்தில் பிசாக் ஊருக்கு மேலே "உருளைக்கிழங்குப் பூங்கா" என்று கெச்சுவா கிராமங்கள் சேர்ந்து ஒரு மலையையே பராமரிக்கிறார்கள். பாட்டன் காலத்தில் நட்ட உயரத்தில் இப்போ சில ரகம் வருவதில்லை, வெப்பமும் பூச்சியும் ஏறிவிட்டது. அதனால் வயலை மேலே மேலே கொண்டுபோகிறார்கள். லிமா மையம் 2004ல் அவர்களோடு ஒப்பந்தம் போட்டு, முன்பு அந்த மண்ணிலிருந்து எடுத்துப் பாதுகாத்த நாட்டு ரகங்களை வைரஸ் நீக்கிச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தது. அதில் சில, அந்த ஊர்க்காரர்களிடமே இல்லாமல் போயிருந்தவை.

நீலகிரி நண்பர்கள் யாராவது படித்தால் ஒரு உதவி. உங்க தாத்தா காலத்தில் எந்த உருளை நட்டார்கள், அதற்கு ஊரில் என்ன பேர், இப்போ எந்தப் பட்டத்தில் எது நடுகிறீர்கள் என்று எழுதுங்களேன். மேட்டுப்பாளையம் மண்டியில் "ஊட்டி உருளை" என்று வாங்குகிறோமே, அது ஜோதியா, ஸ்வர்ணாவா, வேறு ஏதாவதா என்று எனக்கும் தெரிஞ்சுக்கணும்.